ராத்திரியைச் சரிபண்ணுங்கள்: சாப்பாடு, நடை பற்றி மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களும், காலையில் தெப்பக்குளத்துக் கரையில் நடக்கும்போது நிறுத்திப் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்த முடியலை. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து. வேறு ஊர்க்காரர் கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ, மதுரைக்காரருக்கு இதுதான். தூங்கா நகரம் என்று பெயர் எடுத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஊர் தூங்காவிட்டாலும் உடம்பு தூங்கித்தானே ஆக வேண்டும்.

ராத்திரி 11 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 12 மணிக்குப் படுப்பவரைப் பாருங்கள். காலையில் அவருக்குப் பசியே இருக்காது. ஒரு டீயோடு பலகார நேரம் போய்விடும். பத்தரை மணிக்கு இரண்டு வடை. மதியம் அகோரப் பசியில் தட்டில் சோறு மலையாகக் குவியும். சாப்பிட்ட அசதிக்குச் சாயங்காலம் மறுபடி டீ, பஜ்ஜி. எட்டு மணிக்கு எப்படிப் பசிக்கும்? பதினொன்றுக்குத்தான் பசிக்கும். நேரம் கழித்துப் படுத்தவர் விடியற்காலையில் நடக்கவும் போக மாட்டார். அன்றைய நாள் கோணலானதற்குக் காரணம் முந்தின ராத்திரியில் இருக்கிறது.

உடம்பின் கணக்கும் அப்படித்தான். ஒரே அளவு சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைவிட ராத்திரி சாப்பிட்டால் கூடுதலாக ஏறும். பொழுது சாய்ந்த பிறகு இன்சுலின் காலையில் வேலை செய்கிற வேகத்தில் வேலை செய்வதில்லை. அதனால் முதல் மாதம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ராத்திரிச் சாப்பாட்டை 8 அல்லது 8.30 மணிக்குள் முடித்துவிடுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை அப்போதைக்குத் தொட வேண்டாம். நேரம் மட்டும் மாறட்டும்.

கடை அடைக்கவே பத்து மணி ஆகுது. எட்டு மணிக்கு எப்படிச் சாப்பிடுறது?

கடையிலேயே சாப்பிடுங்கள். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "கல்லாவுல உக்காந்து சாப்பிட்டா லட்சுமி தங்க மாட்டான்னு எங்கப்பா சொல்லுவாருங்க" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி தலையைக்கூட நிமிர்த்தாமல், "அப்ப குடோன்ல வச்சுச் சாப்பிடுங்க" என்றார். பிரச்சினை அத்தோடு முடிந்தது.

இப்போது ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து அடுக்குத் தூக்கு வந்துவிடுகிறது. கீழ் அடுக்கில் மூன்று இட்லி, நடுவில் சாம்பார், மேலே அவித்த பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ. பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். கடை அடைத்த பிறகு வழக்கம்போலச் சேக்காளிகளோடு பரோட்டாக் கடைக்கும் போகிறார். அங்கே ஒரு ஆம்லெட் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். அவரால் விட முடியாமல் இருந்தது அந்த அரை மணி நேரப் பேச்சு. அதை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிய விடிய நிற்பவர்கள், ஆஸ்பத்திரி நைட் டியூட்டி பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் வேறு மாதிரி பிரித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாடு, நடுச்சாமத்தில் சுண்டலோ பழமோ முட்டையோ லேசாக. அதிகாலை மூன்று மணிக்குக் கொத்து பரோட்டா மட்டும் கூடவே கூடாது.

அப்ப பரோட்டாவை அறவே விட்டுரணுமா?

வேண்டாம். "இனிமேல் தொடவே மாட்டேன்" என்று சபதம் போடுகிறவர்கள்தான் மூன்றாவது வாரம் பன் பரோட்டா நான்கை ஒரே மூச்சில் முடிக்கிறார்கள்.

பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது சால்னாவை. பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி ஊறவைத்துவிட்டால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போவதற்குள் மூன்றாவது பரோட்டா உள்ளே போயிருக்கும். அதனால் சால்னாவைக் கிண்ணத்தில் தனியாக வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு பரோட்டாவோடு முட்டையோ சுக்காவோ வெங்காயமோ எடுங்கள். வாரத்தில் ஒரு நாள் என்று கிழமையை முடிவு செய்துகொண்டால் மற்ற ஆறு நாளும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ராத்திரி பதினோரு மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர் இது. அந்த வசதியை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

சோறை விட்டுட்டுச் சப்பாத்திக்கு மாறிட்டேன். சரிதானே?

எத்தனை சப்பாத்தி என்று கேட்டால் "ஆறு" என்பார்கள். கோதுமையும் மாவுச்சத்துதான். அரிசியைவிடக் கொஞ்சம் நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே. அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படுகிறவருக்கு தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பருப்பு வகைகளோ முட்டை இறைச்சியோ 85 கிராம் என்று சொல்கிறது. எல்லாம் சமைக்குமுன் உள்ள எடை. காலை இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியும் அந்த 250 கிராமுக்குள் அடக்கம். நம் வீட்டில் இது அப்படியே தலைகீழ். சோறு அன்னக்கூடையில் வரும், பொரியல் ஒரு கரண்டி ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் காய்கறி வேண்டும். உங்கள் வீட்டுப் பை எத்தனை கிலோ வருகிறது என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணாநகரில்தான் திறந்தது. காலையில் நேரத்தோடு போனால் கீரையில் தண்ணீர் சொட்டும். வாரம் இரண்டு தரம் அங்கே நடந்து போய் வாங்கி வந்தால் நடையும் ஆயிற்று.

தட்டில் பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் பொரியலும் கூட்டும், அவற்றில் பாதி சாப்பிட்ட பிறகு சோறு. சோற்றைக் குறைத்தோம் என்கிற வருத்தமே வராது.

கம்பங்கூழ், கேப்பைக்கூழ் எவ்வளவு குடிச்சாலும் நல்லதுதானே?

நல்லது. ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் இல்லை. சிறுதானியமும் அந்த 250 கிராம் கணக்கில்தான் வரும். கூழோடு வரும் மோர்மிளகாய், ஊறுகாய், கருவாட்டில் உப்பைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

ஜிகர்தண்டா, பருத்திப்பால், மோர்... இதுல எதைக் குடிக்கலாம்?

ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் இருக்கிறது, குளிர்ச்சி என்று சமாதானம் சொல்வார்கள். பிசினோடு சர்பத்தும் சுண்டின பாலும் ஐஸ்கிரீமும் இருக்கின்றனவே. அது இனிப்புப் பலகாரம். மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும். பருத்திப்பாலில் கருப்பட்டி போட்டாலும் வெல்லம் போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். மோர் தாராளமாகக் குடிக்கலாம். கோடையில் நுங்கும் சாப்பிடலாம்.

உண்மையில் ஜிகர்தண்டாவைவிட நான் பயப்படுவது டீக்கு. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 40 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீக்கடையில் "சீனி கம்மியா" என்று சொன்னால் மாஸ்டர் தன் விருப்பத்துக்குத்தான் குறைப்பார். "சீனி இல்லாம ஒண்ணு, சீனி தனியா" என்று கேட்டு நீங்களே அரை ஸ்பூன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 10,000 காலடி நடக்கணுமாமே?

அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வைத்த பெயரிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நடந்தால் நல்லதுதான், நடக்காவிட்டால் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடிய வேண்டும் ஆனால் பாட முடியக் கூடாது என்கிற வேகத்தில் நடப்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

இதை மதுரைக் கணக்கில் சொல்கிறேன். திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நீளம் சுமார் 1,000 அடி, அகலம் சுமார் 950 அடி. கரையை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.2 கிலோமீட்டர் வரும். கொஞ்சம் கைவீசி நடந்தால் ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். தினம் இரண்டு சுற்று, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் முடிந்தது. மிஞ்சின இரண்டு நாள் லீவு.

தெப்பக்குளம் எனக்குத் தூரம். வேற எங்கே நடக்கலாம்?

ரேஸ்கோர்ஸ் மைதானம், தல்லாகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு எக்கோ பார்க். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டித் தொந்தரவு இல்லை, ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்குக் கிரிவலப் பாதை இருக்கிறது. மேற்கே நாகமலை பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஏறிப் பாருங்கள். படி ஏறுவது சமதரையில் நடப்பதைவிட நல்ல வேலை வாங்கும், மேலே காற்றும் அருமையாக இருக்கும். அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வரை மலைப்பாதையில் நடப்பது மாதம் ஒரு முறைக்கு ஏற்றது. பையில் தின்பண்டம் வைக்காதீர்கள், குரங்குகள் விடாது.

எங்கே நடந்தாலும் வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கிற இடமாகப் பாருங்கள். வண்டி எடுத்துக்கொண்டு போய் நடக்கிற பழக்கம் மழை வந்த முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

சித்திரை வெயில்ல எப்படி நடக்கிறது?

காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. 40 டிகிரி அடிக்கிற நாளில் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடி நிழலிலோ நடந்தாலும் கணக்கில் சேரும்.

காலையில சத்தியமா முடியாது. சாப்பிட்ட பிறகு நடக்கலாமா?

தாராளமாக. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஒருபடி மேல். நியூசிலாந்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் கூடுதல். நடக்கும்போது காலின் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தாமே இழுத்துச் செலவழிக்கின்றன. எட்டு மணிக்குச் சாப்பிட்டால் எட்டரைக்குத் தெருமுனை வரை போய் வரலாம். பதினொன்றுக்குச் சாப்பிட்டால் நாய்தான் துரத்தும்.

நடந்தா மட்டும் போதாதா? இந்த வயசுல ஜிம்முக்கா போக முடியும்?

நடை நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. நடுவயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தரையில் உட்கார்ந்துவிட்டு எழும்போது கையை ஊன்றவேண்டி வருகிறதே, அதுதான் அதன் முதல் அடையாளம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையை வைத்துத் தள்ளி வாங்குவது பத்து. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது பத்து. முழங்கால் வலி இல்லாதவர்கள் தோப்புக்கரணம் போடலாம். மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் போடுவதை வீட்டில் போட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

21 நாள் தொடர்ந்து செஞ்சா பழக்கம் ஆயிரும்ங்கிறாங்களே?

முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1960-ல் எழுதினார். "குறைந்தது" எங்கேயோ உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

நாளை எண்ணுவதைவிடப் புதுப் பழக்கத்தை ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு கோத்துவிடுவது நல்லது. தினம் பால் பாக்கெட் வாங்கப் போவீர்கள் இல்லையா? பையை எடுக்கும்போதே ஷூவைப் போட்டுக்கொண்டு, பூத்துக்குச் சுற்றுவழியில் போய் வாருங்கள்.

காதுகுத்து, கெடாவெட்டு, கல்யாணம்னு மாசத்துல பாதி நாள் விருந்துதான். என்ன பண்றது?

சாப்பிடுங்கள். முறைக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து "நான் டயட்" என்று சொன்னால் மொய் எழுதினதுகூட மறந்துபோய் அதைத்தான் பேசுவார்கள். கறியை ருசித்துச் சாப்பிட்டு, சோற்றை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறு சோறு வரும்போது இலையில் கை மறைத்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. விருந்து மதியம் என்றால் ராத்திரி மோரும் பழமும் போதும். அடுத்த நாள் பட்டினி கிடக்கத் தேவையில்லை, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சரி.

எனக்குன்னு தனியாச் சமைக்க முடியாது. நடக்கப் போனா அத்தை "காப்பி யாரு போடுறது"ங்கிறாங்க.

தனியாகச் சமைக்கவே வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே வீட்டுச் சாப்பாட்டை வைத்துச் சொன்னதுதான். பெண்களிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்வது இரண்டு. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பத்து மணிக்குச் சாப்பிடாமல் கூடவே உட்காருங்கள். சட்டியில் மிஞ்சினதை "வீணாப் போகுதே" என்று வழித்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், வைத்தால் காலைக்கு ஆகும், ஆகாவிட்டால் நாளை அரை ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுங்கள்.

அத்தை விஷயத்தில் ஒரு மதனி கண்டுபிடித்த வழி: சாயங்காலம் விளக்கேற்றும் முன், "வாங்கத்தே, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று அவரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஐந்து மணியானால் அத்தைதான் முதலில் செருப்பைத் தேடுகிறாராம்.

வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போறேன். அது போதாதா?

நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற காலும் மனமும் உங்களுக்கு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் வருடத்தில் சில நாள் நடந்து சேர்த்த தெம்பு சில வாரங்களில் கரைந்துவிடும். மார்கழியில் பயிற்சிக்கு நடக்கிறீர்களே, அதில் பாதியை மாசி பிறந்த பிறகும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு மாசமாச்சு, எடை குறையவே இல்லையே?

தராசை மூட்டைகட்டி வைத்துவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது நம் நாட்டவருக்கான அளவு. எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறைவது அடிக்கடி நடக்கும். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு இரண்டையும் ஆரம்பத்திலும் மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வாசலில் நிற்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

மாத்திரை சாப்பிடுறவங்க எதைக் கவனிக்கணும்?

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். நடக்கும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம் வந்தால் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை பல வருடமாக இருப்பவர்கள் வெறுங்காலோடு கிரிவலம் போவதை நான் ஆதரிப்பதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடான தார் ரோடு சுட்டதுகூடத் தெரியாது, கொப்புளம் உடைந்து ஈரம் பட்ட பிறகுதான் தெரியும். வேண்டுதல் என்றால் விடிவதற்குள் சுற்றி முடித்து, வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள், விரலிடுக்கு உட்பட.